டீச்சரைக் கேளுங்கள்: 9005 என்று எழுதிய பையன்

புதுக்கோட்டை மாவட்டத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 37 ஆண்டுகள் பாடம் நடத்தி, 2022-ல் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தை, கற்பவரை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதை, சுற்றி இருந்ததால் அவற்றையே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. எந்தப் பயிற்சிக்குப் போனாலும் "முதலில் ஆசிரியரின் பார்வை மாற வேண்டும்" என்கிறார்கள். மாற்றிக்கொள்ளத் தயார்தான் டீச்சர். ஆனால் என் பார்வை மாறினால் பிள்ளைக்குக் கழித்தல் வந்துவிடுமா? எதைத்தான் மாற்றுவது என்று யாரும் சொல்வதில்லையே?
– ஓர் ஆசிரியை, திருவாரூர்

பதில்: வட்டார வள மையத்தில் உட்கார்ந்து நானும் அந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன் அம்மா. அதைக் கேட்டு எனக்குள் எதுவும் மாறியதில்லை. என்னை மாற்றியது நான்காம் வகுப்புப் பையன் ஒருவனின் கணக்கு நோட்டு.

நான் எண்களைச் சொல்வேன், பிள்ளைகள் எழுதுவார்கள். அன்றைக்கு "தொள்ளாயிரத்து ஐந்து" என்றேன். அவன் 9005 என்று எழுதினான். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டு, "பத்துத் தடவை எழுதிட்டு வா" என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் நோட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். ஓரத்தில் கோடு போட்டு, எண்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, முத்து முத்தாகப் பத்து வரி. பத்திலும் 9005.

கை ஓங்கியிருக்க வேண்டிய நேரம். நோட்டு அவ்வளவு சுத்தமாக இருந்ததாலோ என்னவோ, ஓங்காமல் கேட்டேன்: "எப்படிடா இதைப் போட்டே?"

"நீங்கதான டீச்சர் ஆயிரம்னு சொன்னீங்க."

ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அறுபது, எழுபது, எண்பது என்று ஒழுங்காக வரும் வரிசை, அடுத்த படியில் 'நூறு' என்ற ஒலியைக் கொண்டுவந்து தொண்ணூறு என்று நிற்கிறது. எழுநூறு, எண்ணூறு என்று போவது, தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' என்ற ஒலியைச் சேர்த்துக்கொள்கிறது. ஆயிரத்து ஐந்து 1005 என்றால் தொள்ளாயிரத்து ஐந்து 9005 ஆகத்தானே வேண்டும்? ஒன்பது வயதுப் பையன் தமிழை அவ்வளவு கூர்ந்து கேட்டிருக்கிறான். அதுவரை முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் பேசியிருந்த எனக்கு அந்த 'ஆயிரம்' ஒரு நாளும் காதில் விழுந்ததில்லை.

அவன் அம்மா வாரச் சந்தையில் கீரை விற்பவர். காசு அவனுக்கு நன்றாகத் தெரியும். பழைய நோட்டின் தாள்களைக் கிழித்து ஒவ்வொன்றிலும் 100 என்று எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றாக வைத்து எண்ணச் சொன்னேன். எட்டாவது தாளில் எண்ணூறு. ஒன்பதாவதை வைத்து "தொள்ளாயிரம்" என்றவன் நின்றுவிட்டான். தாள்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்ப இதுக்குள்ள ஆயிரம் இல்லியா டீச்சர்?" "இன்னும் ஒண்ணு வச்சாத்தான் ஆயிரம்." அதற்குப் பிறகு அவனுக்கு அந்தத் தப்பு வரவில்லை. வகுப்பில் வேறு நாலு பேருக்கும் அதே குழப்பம் இருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இனி உங்கள் கழித்தல். 42-ல் 17 போனால் 35 என்று எழுதும் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். 4-ல் 1 போனால் 3. அடுத்து 2-ம் 7-ம் எதிரெதிரே வந்ததும் 7-லிருந்து 2-ஐக் கழித்து 5. 'கவனம் தேவை' என்று நாம் எழுதிவிடுவோம். பத்துக் கணக்கிலும் அதே மாதிரி போட்டிருக்கிறானா என்று பாருங்கள். போட்டிருந்தால் அவனுக்குக் கவனம் நிறையவே இருக்கிறது. ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றுகிறான். 'பெருசுல இருந்துதான் சின்னதக் கழிக்க முடியும்' என்று ஒன்றாம் வகுப்பில் அந்த விதியைச் சொல்லிக் கொடுத்ததே நாம்தான். அவனிடம் போய், "கடன் வாங்கு" என்று பத்து முறை சொன்னால் எதற்குக் கடன் என்றே அவனுக்கு விளங்காது. 42 தீக்குச்சியை நாலு கட்டும் ரெண்டு உதிரியுமாக வைத்து, "பதினேழு குச்சி எனக்குக் குடு" என்று கையை நீட்டுங்கள். கட்டைப் பிரிக்காமல் ஏழு உதிரி தர முடியாது. அவனே பிரிப்பான்.

எதை மாற்றுவது என்று கேட்டீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளையிடம் "எப்படிப் போட்டே?" என்று கேளுங்கள். சரியான விடைக்கும் கேளுங்கள். தப்பானால் மட்டும் கேட்டால் அந்தக் கேள்வியே திட்டு ஆகிவிடும். பிள்ளை சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலேயே 40 பக்க நோட்டு ஒன்றில் எழுதி வையுங்கள். நான் ஓய்வு பெற்றபோது என்னிடம் அப்படிப் பதினொரு நோட்டு இருந்தது. பார்வை மாற வேண்டும் என்பதை நான் இந்த அளவில்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்: விடையைத் திருத்துவதற்கு முன்னால் அது எந்த வழியாக வந்தது என்று பார்ப்பது.

கேட்காததையும் ஒன்று சொல்கிறேன். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரிக்கிறீர்கள். அந்தப் பிள்ளை இன்றைக்கு எந்த இடத்தில் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரிவதற்காக வைத்த பெயர்கள் அவை. பள்ளிகளுக்குப் போகும்போது "இவன் அரும்பு டீச்சர்" என்று பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டே சொல்கிறார்கள். அந்தப் பிள்ளையின் முகத்தை நான் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் கணிதம் எடுக்கிறேன். இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு என் பொறுப்பு. முதல் நாளே, "பெருசா எதிர்பார்க்காதீங்க சார், பாஸ் பண்ண வச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டார்கள். உண்மையாகவே பலருக்குப் பின்னம்கூடத் தெரியவில்லை. நம்பிக்கை வைத்தால் மட்டும் போதுமா?
– ஓர் ஆசிரியர், ஒட்டன்சத்திரம்

பதில்: போதாது சார். ஆனால் உங்களிடம் முதல் நாள் சொன்ன அந்த வாக்கியம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

1960-களின் நடுவில் கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில், ராபர்ட் ரோசெந்தால் என்ற உளவியலாளரும் லெனோர் ஜேக்கப்சன் என்ற தலைமையாசிரியையும் ஒரு சோதனை செய்தார்கள். பிள்ளைகளுக்குத் தேர்வு ஒன்று வைத்துவிட்டு, ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளின் பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்து, "இவர்கள் இந்த வருடம் நன்றாக முன்னேறுவார்கள் என்று தேர்வு காட்டுகிறது" என்றார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் குலுக்கிப் போட்டு எடுத்தவை. பின்னர் அதே தேர்வை வைத்தபோது, பட்டியலில் இருந்த ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். மேல் வகுப்புகளில் அப்படிப் பெரிய வித்தியாசம் இல்லை. 1968-ல் இது வெளியானதும் அதன் புள்ளிவிவர முறையைப் பலர் குறை சொன்னார்கள். பிறகு நடந்த ஆய்வுகளில் விளைவு சிறியதாகவே தெரிந்தது. அதனால்தான் 'நம்பினால் போதும்' என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு அதைவிடப் பயன்பட்டது மேரி பட் ரோ என்ற அம்மையார் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்துக் கண்டுபிடித்தது. ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? ஒரு விநாடி. அதற்குள் பதில் வரவில்லை என்றால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறார், அல்லது தானே சொல்லிவிடுகிறார். கெட்டிக்காரர் என்று தான் நினைக்கும் பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்கிறார், சுமார் என்று நினைப்பவருக்குக் குறைவாக. காத்திருப்பதை மூன்று விநாடி ஆக்கியபோது பதில்கள் நீளமாயின, பேசாத பிள்ளைகள் பேசினார்கள். 'பி' பிரிவைப் பற்றிய எண்ணம் பிள்ளைக்குப் போய்ச் சேருகிற வழி இதுதான் சார். யாரும் திட்ட வேண்டியதில்லை. இரண்டு விநாடி குறைத்தால் போதும்.

நான் கேள்வி கேட்டுவிட்டு, கட்டைவிரலால் சுண்டு விரலின் மூன்று கணுக்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொள்வேன். அதுவரை வாயைத் திறக்க மாட்டேன். முதல் வாரம் அந்த அமைதி தாங்க முடியாததாக இருந்தது.

பின்னம் தெரியவில்லை என்கிறீர்கள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறார்கள், அப்படித்தானே? எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். என்னிடம் ஒரு பெண் சொன்ன விளக்கம்: "ரெண்டு மார்க் டெஸ்ட்ல ஒண்ணு, மூணு மார்க் டெஸ்ட்ல ஒண்ணு, மொத்தம் அஞ்சுக்கு ரெண்டு." மதிப்பெண் பட்டியலில் நாம் அப்படித்தானே கூட்டுகிறோம்! அவள் கூட்டியது இரண்டு தேர்வின் மதிப்பெண்ணை. நாம் கேட்டது ஒரே அளவுள்ள தோசையின் துண்டுகளை. "பாதித் தோசை இருக்கு, கூட இன்னொரு துண்டு வைக்கிறேன். இப்ப பாதியவிடக் கொறைஞ்சிருமா?" என்று கேட்டேன். அஞ்சில் ரெண்டு பாதியைவிடக் குறைவு என்பது அவளுக்கே உறைத்தது. 'பி' பிரிவில் முதல் வாரம் இந்த ஒரு கணக்கை எடுங்கள். அவரவர் எப்படிப் போட்டார் என்று எல்லாரும் சொல்லட்டும்.

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. சின்னதிலிருந்து "நீ புத்திசாலி" என்று சொல்லித்தான் வளர்த்தோம். இப்போது கொஞ்சம் கடினமான கணக்கு என்றாலே நோட்டை மூடிவிடுகிறாள். எங்கே தவறினோம்?
– ஒரு தாய், திருப்பூர்

பதில்: தவறு என்று மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள், ஆசையாகச் சொன்னதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு விலை உண்டு. கிளாடியா முல்லர், கரோல் ட்வெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் "நீ கெட்டிக்காரன்" என்றும், சிலரிடம் "நல்லா உழைச்சிருக்கே" என்றும் சொன்னார்கள். அடுத்து எது வேண்டும் என்று கேட்டபோது, கெட்டிக்காரர் என்ற பெயர் வாங்கியவர்கள் பெரும்பாலும் சுலபமானதைக் கேட்டார்கள். கடினமான புதிரில் தோற்ற பிறகு, முன்பு போட்ட மாதிரிக் கணக்கிலேயே அவர்கள் சறுக்கினார்கள். எத்தனை மதிப்பெண் வாங்கினாய் என்று வேறு பிள்ளைகளுக்கு எழுதச் சொன்னபோது, கூட்டி எழுதியவர்களும் அவர்களில்தான் அதிகம். பெயரைக் காப்பாற்ற வேண்டுமே!

உங்கள் மகள் நோட்டை மூடுவதும் அதற்காகத்தான் இருக்கும். தப்பாகப் போட்டால் அம்மா கொடுத்த பட்டம் போய்விடும்.

இதற்காக வீட்டுச் சுவரில் 'உன்னால் முடியும்' என்று எழுதி ஒட்டிவிடாதீர்கள். 2019-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை எடுத்து, அவர்களில் ஒரு பாதியினருக்கு 'உழைத்தால் மூளை வளரும்' என்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பாடம் நடத்திப் பார்த்தார்கள். பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் 4-க்கு 0.1 என்ற அளவில்தான் உயர்ந்தது. பயன் உண்டு, சிறிய பயன். பேச்சோடு நின்றால் அவ்வளவுதான் கிடைக்கும்.

உங்களுக்கு விடை தெரியாத ஒரு கணக்கை அவளோடு உட்கார்ந்து போடுங்கள். பனியன் கம்பெனிக் கூலிக் கணக்கோ, சீட்டுக் கணக்கோ, உங்கள் வீட்டில் உண்மையாகவே தேவைப்படுகிற ஒன்று. நீங்கள் தப்புப் போடுவதையும், அடித்துவிட்டு மறுபடி போடுவதையும் அவள் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.

கேள்வி: எனக்கு 68 வயது. எங்கள் வாத்தியார் பிரம்பால் அடித்தார். அதனால்தான் படித்தோம், உருப்பட்டோம். இப்போது பிள்ளைகளைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டுப் படிப்பைக் கெடுத்துவிட்டார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, நீங்கள் சொல்லும் சட்டம் 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம். 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-ஆவது பிரிவு உடலை வருத்தும் தண்டனையையும் மனதை வருத்தும் கொடுமையையும் சேர்த்தே தடை செய்கிறது. சட்டம் வருவதற்குப் பல வருடம் முன்பே நான் பிரம்பைக் கீழே போட்டுவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

வேலைக்கு வந்த புதிது. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் தினமும் மணி அடித்த பிறகுதான் வருவாள். ஒரு நாள் மர ஸ்கேலை எடுத்துக் கையை நீட்டச் சொன்னேன். இடது கையை நீட்டினாள். எனக்கு அது திமிராகப் பட்டது. "வலது கையை நீட்டு" என்றேன். அவள் நீட்டவில்லை. "அந்தக் கையிலதான் டீச்சர் எழுதணும்" என்றாள்.

அடித்தேன். இடது கையில் அடித்தேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அடித்து முடித்த பிறகு அவள் உட்கார்ந்து, சிலேட்டை மடியில் வைத்து, வலது கையால் எழுத ஆரம்பித்தாள். இடது கையால் சிலேட்டைப் பிடிக்க முடியாமல் முழங்கையால் அணைத்துக்கொண்டு எழுதினாள். அந்த வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். ஊருக்கு வெளியே அடிபம்பில் நாலு குடம் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, தம்பியைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத்தான் அவள் பள்ளிக்கு வர வேண்டும். பாட்டிக்கு எப்போது வேலை முடிகிறதோ அப்போது. படிக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு என்னைவிட அதிகம் இருந்தது. நான் தாமதத்தை மட்டும் பார்த்தேன்.

நீங்கள் அடி வாங்கியும் படித்தீர்கள் ஐயா, அதை மறுக்கவில்லை. உங்கள் வகுப்பில் உங்களோடு அடி வாங்கியவர்களை எண்ணிப் பாருங்கள். எத்தனை பேர் ஐந்தாம் வகுப்பு தாண்டினார்கள்? நின்றுபோனவர்கள் இந்தப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதப்போவதில்லை.

பிரம்பு எனக்கு இன்னொரு கெடுதலும் செய்தது. அடி விழும் வகுப்பில் பிள்ளைகள் தப்பை மறைப்பார்கள். எச்சில் தொட்டு அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்திருக்கும். பக்கத்துப் பிள்ளையின் விடை அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். மேலே 9005 என்று எழுதிய பையனைப் பற்றிச் சொன்னேனே, அவன் என்னைக் கண்டு பயந்திருந்தால் அந்தப் பத்து வரியும் என் கைக்கு வந்திருக்காது. பக்கத்தில் பார்த்து 905 என்று எழுதியிருப்பான். நானும் சரி என்று போட்டிருப்பேன்.

கேள்வி: செயல்வழிக் கற்றல் என்று எங்களைப் பாயில் உட்கார வைத்தார்கள். கடைசியில் அதுவும் போனது. வீண் வேலைதானே?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுராந்தகம்

பதில்: வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முழு வெற்றி என்றும் சொல்ல மாட்டேன்.

பிள்ளை தானே அட்டைகளை எடுத்துத் தன் வேகத்தில் படிப்படியாகக் கற்கும் முறை அது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி முறையிலிருந்து எடுத்து, 2003-ல் எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது அங்கே 13 பள்ளிகளில் தொடங்கினார்கள். 2007-ல் மாநிலம் முழுக்க வந்தது. ஏணிப்படி அட்டவணை, படம் போட்ட அட்டைகள், தலைக்கு மேலே கம்பிப் பந்தல், சுவரின் கீழ்ப்பக்கத்தில் பிள்ளைகளுக்கு எட்டும்படி கரும்பலகை. உங்களுக்கும் நினைவிருக்கும். ஊரில் என்னிடம் கேட்டார்கள்: "டீச்சர் எந்திரிச்சு நின்னு பாடமே நடத்த மாட்டேங்குறாங்களே, சம்பளம் எதுக்கு?"

எனக்குக் கிடைத்தது ஒன்று. அதற்கு முன் 22 வருடம் நின்றுகொண்டே பாடம் நடத்தியவள் நான். நின்றால் தெரிவது பிள்ளைகளின் உச்சந்தலை. பாயில் உட்கார்ந்த முதல் மாதத்தில்தான், 'அ' எழுதும்போது ஒரு பிள்ளை வாலில் தொடங்கிச் சுழியில் முடிப்பதைப் பார்த்தேன். எழுதி முடித்த எழுத்தைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அவன் மெதுவாக எழுதுவதற்கும் கை வலிக்கிறது என்பதற்கும் காரணம் அங்கே இருந்தது.

குறைகளும் இருந்தன. அட்டைகள் கிழிந்தால் மாற்று வர மாதக்கணக்கில் ஆனது. ஒரு பிள்ளை தன் முறை வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கும். எல்லாரும் சேர்ந்து ஒரு கதை கேட்டுச் சிரிப்பது குறைந்துபோனது. அது எனக்கு வருத்தம். பார்வையிட வருபவர்கள் பிள்ளையிடம் பேசாமல், பதிவேட்டில் எந்தப் படி என்று மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள். பாயில் ஏன் உட்கார வேண்டும் என்று மனதில் படாமலே உட்கார்ந்த ஆசிரியர்கள், அட்டை மாற்றுகிற வேலையை மட்டும் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களிடம் யாரும் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்கவில்லை.

முறை போனாலும் நான் ஓய்வு பெறும்வரை பாயை விடவில்லை.

கேள்வி: எனக்கு 54 வயசு. நூறு நாள் வேலைக்குப் போறேன். பள்ளிக்கூடம் போனதில்ல. கைநாட்டு வைக்கும்போது மனசு சங்கடப்படுது. இந்த வயசுல எழுத்து மண்டையில ஏறுமா டீச்சர்? என் பேத்தி இதை எழுதுறா.
– ஓர் அம்மா, மணப்பாறை பக்கம்

பதில்: ஏறும் அக்கா. இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

1991-ல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் அம்மா அப்போது கலெக்டர். எனக்கு 29 வயது. ராத்திரி ஏழு மணிக்குமேல் கல்லுடைக்கும் பெண்களுக்கு வகுப்பு எடுக்கப் போவேன். ஒன்றும் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்போடுதான் போனேன். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பலகையில் ஒரு கணக்கு எழுதினேன். நாளுக்கு 18 ரூபாய் கூலி, ஏழு நாளைக்கு எவ்வளவு? நான் ஏழெட்டு ஐம்பத்தாறு என்று ஆரம்பித்து மேலே 5 எழுதுவதற்குள் உங்கள் வயதில் ஒரு அம்மா சொல்லிவிட்டார்: "நூத்தி இருபத்தாறு." எப்படி என்று கேட்டேன். "ஏழு இருபது நூத்தி நாப்பது. நாளுக்கு ரெண்டு ரூவா கூடப் போட்டுட்டோம்ல, ஈரேழு பதினாலு. அதக் கழிச்சிட்டா நூத்தி இருபத்தாறு." எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் அடைப்புக்குறி போட்டு நாங்கள் சொல்லிக்கொடுப்பதை அவர் கல் கூலி வாங்கி வாங்கியே கற்றிருந்தார். கூலி கொடுப்பவன் நோட்டில் எவ்வளவு எழுதுகிறான் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு என் வகுப்பு மாறிவிட்டது. அ, ஆ என்று தொடங்குவதை விட்டுவிட்டு, அவர்களுக்கு வேண்டிய சொற்களில் தொடங்கினேன். பட்டா, கல், கூலி, பாக்கி. 'பாக்கி' என்ற சொல்லை ஒரே ராத்திரியில் எல்லாரும் படித்துவிட்டார்கள்.

அந்த இயக்கத்தில்தான் எங்கள் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். படிப்பதும் சைக்கிள் ஓட்டுவதும் சேர்ந்தே வந்தன. கூலிக் கணக்குச் சொன்ன அந்த அம்மா எனக்கு முன்னால் பழகிவிட்டார். எனக்குச் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தவர் அவர்தான். "கீழ பாக்காதீங்க டீச்சர், ரோட்டப் பாருங்க" என்று கத்திக்கொண்டே வந்தார்.

உங்களுக்கு வருகிறேன். இப்போது 15 வயதுக்கு மேல் படிக்காதவர்களுக்காகப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போய்க் கேளுங்கள். அதுவரை பேத்தியே டீச்சர். அவளிடம் சொல்லுங்கள்: முதலில் ஆயாவின் பேர், அப்புறம் ஊர் பேர், அப்புறம் உங்கள் ஊருக்கு வரும் பஸ்ஸின் முன்பலகையில் இருக்கிற ஊர்கள். நூறு நாள் வேலை அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அதில் உங்கள் பேர் எங்கே இருக்கிறது என்று இரண்டு பேரும் தேடுங்கள். தப்பாக எழுதினால் அவள் சிரிக்கக்கூடாது, "எப்படி ஆயா இது வந்துச்சு?" என்று கேட்க வேண்டும்.

மண்வெட்டி பிடித்த கையில் பென்சில் நிற்காது, வழுக்கும். அதைப் பார்த்து எழுத்து வராது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் ஒரு மாதம் பென்சிலே வேண்டாம். முற்றத்தில் ஈர மண்ணில் விரலால் எழுதுங்கள். பிறகு சாக்பீஸ் வாங்கிக்கொண்டு வாசல் சிமெண்டுத் தரையில் பெரிதாக எழுதுங்கள். கோலம் போட்ட கைதானே, சுழி உங்களுக்குச் சீக்கிரம் வரும்.